இருப்புநிலை அறிந்தவர்

விகிதக்காரர் என்றோர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள், தப்பியிருக்க முடியாது. பேப்பரைக் கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில் பிரிப்பவர். மழை வருமா என்று கேட்டால் கச்சா எண்ணெய் விலை சொல்பவர். பல் வலி என்று வந்தவரிடம் கடனுக்கும் சொந்த முதலுக்கும் உள்ள விகிதத்தை விளக்கிவிட்டு, வலி குறைந்ததா என்று கேட்காமல் கிளம்புபவர். இந்த இனத்தில் வங்கியை அளப்பவர் உண்டு, சிமென்ட்டை அளப்பவர் உண்டு. எண்ணெய், எரிவாயுக் கம்பெனிகளை மட்டும் அளப்பவர் அதில் உயர்ந்த ரகம். அவரோடு பேச உட்காருபவர்கள் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு உட்காருவது நல்லது.

நம்மவர் தபால் அலுவலகத்தில் முத்திரை குத்துகிறார். எண்ணெய்க் கிணற்றைக் கண்ணால் கண்டதில்லை. கடலில் ஒரே ஒரு முறை கணுக்கால் வரை நனைந்து, சளி பிடித்து, திரும்பிவிட்டார். அதனால் என்ன? கிணறு என்ன சொல்லும்? பேலன்ஸ் ஷீட் என்கிற இருப்புநிலைக் குறிப்பு அல்லவா சொல்லும்! ஞாயிற்றுக்கிழமை காலை கண்ணாடியைத் துடைத்து, அடிக்கோலை எடுத்து, கம்பெனியின் ஆண்டறிக்கையை விரித்து, கையிலிருப்பைத் தரவேண்டியதால் வகுத்து, சரக்கைக் கழித்துவிட்டு மறுபடி வகுத்து, கடனை முதலால் வகுத்து, சிவப்பு மையில் வட்டம் போடுவார். பிறகு தீர்ப்பு.

"ஒண்ணுக்கு மேல இருக்கு. பயமில்ல."

இதுவரை ஒரு பங்காவது வாங்கியிருக்கிறாரா? அப்படியெல்லாம் கேட்கக் கூடாது. வாங்குவது அடுத்தவர் வேலை. சொல்வது இவர் வேலை.

வீட்டுக்கும் ஓர் இருப்புநிலைக் குறிப்பு வைத்திருக்கிறார். நீல அட்டை நோட்டு. வலப்பக்கம் சொத்துகள்: மேசை, மின்விசிறி, தையல் மிஷின், சமையல் எரிவாயு சிலிண்டர் இரண்டு. மனைவி அதைத் தொடுவதில்லை. தொட்டால் விளக்கம் வரும்.

போன ஞாயிறு மனைவியின் அண்ணன் வந்தார். பஸ் டிப்போவில் மெக்கானிக். முப்பத்து நாலு வருஷம் பஸ்ஸுக்கு அடியில் மல்லாந்து படுத்து வேலை பார்த்து, முந்தின வாரம்தான் ஓய்வு பெற்றவர். மொத்தமாக வந்த பணம் வங்கியில் இருந்தது. காசோலைப் புத்தகம் சட்டைப் பையில் இருந்தது. மாப்பிள்ளை சொன்னால் அத்தனையும் ஓர் எண்ணெய்க் கம்பெனிக்குப் போகும். அண்ணனுக்கு வேறு பணம் கிடையாது என்பது தங்கைக்குத் தெரியும். சமையலறையில் டீக்குத் தண்ணீர் வைத்தவள் காதை மட்டும் கூடத்தில் விட்டிருந்தாள்.

"மச்சான், முதல்ல கரண்ட் ரேஷியோ."

"கரண்ட் பில்லா மாப்பிள்ள? ஆபீசுக்கு எவ்வளவு வந்துடப் போகுது?"

"அந்தக் கரண்ட் இல்ல. ஒரு வருஷத்துக்குள்ள குடுக்க வேண்டியதுக்குக் கையில இருக்கா, இல்லியா? இருக்கு. ஒண்ணுக்கு ஒண்ணே முக்கால். கடன் ஒரு பங்கு, சொந்த முதல் ரெண்டு பங்கு. பாறை மாதிரி கம்பெனி. கண்ணை மூடிட்டுப் போடுங்க."

மச்சான் புத்தகத்தை எடுத்தார். பேனாவைத் திறந்தார். தேதி எழுதினார். உள்ளேயிருந்து மனைவி வந்து நின்றாள்.

"என்னங்க, அடுப்பு அணைஞ்சு போச்சு."

"இன்னொரு சிலிண்டரை மாட்டு."

"அது தீர்ந்துதான் இதை மாட்டினேன். பத்து நாளா புக் பண்ணுங்க, புக் பண்ணுங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கறேன்."

"அதெப்படி? ரெண்டு இருக்கே!" என்றவர், ஆதாரத்தோடு பேசுபவர் ஆயிற்றே, நீல நோட்டைத் திறந்து காட்டினார். சிலிண்டர் இரண்டு. எழுத்து முத்து முத்தாக இருந்தது.

மச்சான் எழுந்து சமையலறைக்குப் போனார். இரண்டு சிலிண்டரையும் கைக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு, பூக்கூடை போல ஆட்டியபடி, கூடத்துக்கு வந்தார்.

"மாப்பிள்ள, அந்தக் கம்பெனிக் கிணத்துல இன்னும் எவ்வளவு இருக்கு?"

"அது பேலன்ஸ் ஷீட்ல வராது மச்சான். கிணறுன்னா கிணறுன்னு போடுவாங்க. தோண்டின செலவுல தேய்மானம் போக மீதியைப் போடுவாங்க."

"அப்போ உள்ள இருக்கறதை எங்கதான் போடுவாங்க?"

"கடைசியில. நூத்தி அறுபத்திரண்டாம் பக்கம்."

"பாத்தீங்களா?"

"அதுல விகிதம் எதுவும் கிடையாதே!"

"இப்பப் பாருங்க."

பார்த்தார். அடிக்கோலை வைத்துப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டும் பார்த்தார். இப்போது எடுக்கிற வேகத்தில் எடுத்தால் மூன்றரை வருஷத்துக்கு எண்ணெய் இருந்தது. புதுக் கிணறு எதுவும் கிடைக்கவில்லை என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தது. மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் தேதி எழுதிய தாளை நாலாகக் கிழித்ததைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. அழுகையும் வந்தது.

நம்மவர் அதைக் கவனிக்கவில்லை. முகம் திடீரென்று மலர்ந்தது.

"மூணரை! ஒண்ணுக்கு மேலதானே மச்சான்?"

மச்சான் காசோலைப் புத்தகத்தைச் சட்டைப் பையில் போட்டார். காலி சிலிண்டர் இரண்டையும் எடுத்துக்கொண்டு எரிவாயுக் கடைக்கு நடந்தார். நம்மவர் நோட்டில் "சிலிண்டர் 2" என்பதை அடித்துவிட்டு, "சிலிண்டர் 2, வெளியே சென்றுள்ளன" என்று திருத்தினார்.

சிரிக்கிறீர்கள். நான் அப்படி இல்லை, எனக்கு எண்ணெயும் தெரியாது விகிதமும் தெரியாது என்கிறீர்கள். ரொம்ப சந்தோஷம். ஆனால் உங்கள் வீட்டில் எத்தனை சிலிண்டர் என்று கேட்டால் சட்டென்று சொல்லிவிடுவீர்கள், இல்லையா? நான் கேட்பது அதையல்ல. கடைசியாக எப்போது தூக்கிப் பார்த்தீர்கள்?