எல்லாம் ஜேபிஜி

நானூற்றுப் பன்னிரண்டு கோப்புகளின் பெயரிலிருந்து தலைக்கு ஓர் எழுத்தை எடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

லோதி ரோட்டில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் செக்‌ஷன் ஆபீசராக இருந்த அச்சுதன், ஊழியர்களின் சர்வீஸ் புத்தகங்களைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து முடித்திருந்தார். ஸ்கேனர் ஒவ்வொரு படத்தின் பெயருக்கும் பின்னால் ‘ஜேபிஇஜி’ என்று ஒரு வால் வைத்திருந்தது. தலைமையகத்தின் இணையதளமோ ‘ஜேபிஜி’ என்ற வாலைத்தான் உள்ளே விடும். இரண்டும் ஒன்றுதான் என்பது உலகத்துக்கே தெரியும். இணையதளத்துக்கு மட்டும் யாரும் சர்க்குலர் அனுப்பவில்லை.

மாலை ஐந்து மணிக்குள் ஏற்றிவிட்டால், அச்சுதனின் ரிலீவிங் ஆர்டரில் கையெழுத்துப் போடுவதாக டைரக்டர் பல்லா சொல்லியிருந்தார். பத்தொன்பது வருட டெல்லி வாசம், நான்கு விண்ணப்பங்கள், கடைசியில் திருச்சிக்கு மாற்றல். மனைவி ருக்மிணி முன்னாலேயே போய் வீடு பார்த்துப் பால் காய்ச்சிவிட்டாள். லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் ஒரு பாயும் ஒரு பக்கெட்டும்தான் பாக்கி. நாளைக்கு ரயில்.

காலை பத்து மணிக்கு முதல் கோப்பின் வாலைத் திருத்தினார். உடனே திரையில் ஓர் எச்சரிக்கை. ‘இதை மாற்றினால் கோப்பு பயன்படாமல் போகலாம். நிச்சயமாக மாற்ற வேண்டுமா?’

வேறு யாராக இருந்தாலும் ‘ஆம்’ என்று தட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள். அச்சுதன் அரசு ஊழியர். பயன்படாமல் போகலாம் என்று எழுத்துப்பூர்வமாகச் சொல்லும் ஒன்றுக்கு, மேலிட அனுமதி இல்லாமல் ‘ஆம்’ சொல்ல அவருக்குப் பைத்தியமா? எச்சரிக்கையை அச்செடுத்து, நோட் எழுதி, ஃபைலில் கோத்து மேலே அனுப்பினார்.

ஃபைல் நான்கு மேஜை ஏறி இறங்கி, இரண்டரை மணிக்குத் திரும்பி வந்தது. டைரக்டர் எழுதியிருந்தார்: ‘சம்மதம். ஆனால் எல்லாக் கோப்புகளும் ஒரே வகையில் இருக்க வேண்டும்.’ ‘எல்லா’ என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு.

ஒவ்வொன்றாக மாற்ற நேரமில்லை. தொடக்கநிலையினருக்கான ஏதோ ஓர் இணையப் பக்கத்தில், ஒரே வரிக் கட்டளையில் அத்தனை வாலையும் மாற்றும் வித்தை இருந்தது. ‘ஜேபிஇஜி’ உள்ளவற்றை மட்டும் மாற்று என்றும் சொல்லலாம், எல்லாவற்றையும் மாற்று என்றும் சொல்லலாம். அச்சுதன் இரட்டைக் கோட்டை ஒருமுறை பார்த்துக்கொண்டார். ‘எல்லாம்’ என்றே அடித்தார்.

கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. அரசாங்கத்தில் இத்தனை வேகமாக எதுவும் நடந்து அவர் பார்த்ததில்லை.

எதிர் மேஜையில் இருந்த அசிஸ்டென்ட் சுபாஷிணி டெல்லியில் பிறந்து வளர்ந்தவள். அவள்தான் முதலில் எழுந்து வந்தாள்.

“சார், என் ஃபைலெல்லாம், சப் கே சப், ஃபோட்டோ ஆயிடுத்து. நாளைக்கு டைரக்டர் பேசற ஸ்பீச் கூட. ஓபனே ஆக மாட்டேங்கறது.”

“எந்த ஃபோல்டர்ல வெச்சிருந்தே?”

“நம்ம செக்‌ஷன் ஃபோல்டர்லதான். எல்லாரோடதும் அங்கேதானே இருக்கு?”

அச்சுதன் அந்த ஃபோல்டரைத் திறந்து பார்த்தார். நானூற்றுப் பன்னிரண்டு படங்களோடு, செக்‌ஷனின் மற்ற ஐம்பத்தொரு கோப்புகளும் அங்கேதான் இருந்தன. அவருடைய ரிலீவிங் ஆர்டரும் அதில் ஒன்று. அந்த செக்‌ஷனில் எந்தக் கோப்புக்கும் பெயர் கிடையாது. டெஸ்பாட்ச் ரிஜிஸ்டர் வழக்கப்படி வெறும் நம்பர்தான். இப்போது நானூற்று அறுபத்து மூன்று நம்பர்கள், எல்லாம் ஒரே வால்.

அந்த நேரம் பார்த்து ருக்மிணி ஃபோன் செய்தாள்.

“ஆர்டர் கையில வந்துடுச்சா?”

“கம்ப்யூட்டர்ல இருக்கு.”

“கம்ப்யூட்டர்ல எங்க?”

“படமா இருக்கு.”

“என்ன படம்?”

அவர் ஃபோனை வைத்துவிட்டார்.

ஆர்டர் வேர்டு கோப்புதானே, எல்லாவற்றையும் வேர்டாக மாற்றிவிட்டால் அது திறக்குமே என்று மறுபடியும் ‘எல்லாம்’ அடித்தார். இப்போது படங்களும் திறக்கவில்லை. முதல் அறுபது கோப்புகளைத் திறந்து பார்த்தார். கெட்டுப்போன கோப்பு என்று அறுபது முறை திட்டு வாங்கினார். செக்‌ஷனில் யாருக்கும் வேலை ஓடவில்லை. அது புதிதல்ல, ஆனால் இன்று அதற்கு ஒரு காரணம் கிடைத்ததில் எல்லோரும் குஷியாக அவர் மேஜையைச் சுற்றி நின்றார்கள். டீ கொண்டுவரும் காத்தவராயன் தம்ளரை வைத்துவிட்டு, ஏதோ சொல்ல வாயெடுத்தான். “அப்புறம் வாப்பா,” என்று அச்சுதன் விரட்டிவிட்டார்.

மணி நாலு. பயத்தில் மனிதனுக்குச் சில சமயம் மூளை வேலை செய்யும். அச்சுதன் எல்லாவற்றையும் திரும்ப ஜேபிஜி ஆக்கி, ஐகான்களைப் பெரிதாக்கினார். நிஜப் படங்கள் முகத்தைக் காட்டின. போலிகள் வெறும் கட்டமாக நின்றன. சரியாக ஐம்பத்தொன்று. அவற்றைத் தனி ஃபோல்டருக்குத் தள்ளிவிட்டு, நானூற்றுப் பன்னிரண்டையும் இணையதளத்தில் ஏற்றினார். மூச்சுக் காட்டாமல் வாங்கிக்கொண்டது. பிறகு ஐம்பத்தொன்றுக்கும் பிடிஎஃப், எக்ஸெல், வேர்டு என்று வால் மாற்றி மாற்றித் திறந்தார். கடைசியாகத் திறந்தது ரிலீவிங் ஆர்டர். அவர் கண் கலங்கிவிட்டது.

ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்க, அதை அச்செடுத்துக்கொண்டு டைரக்டர் அறைக்கு ஓடினார். நடந்ததெல்லாம் அவருக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. பல்லா நாற்காலியிலிருந்து எழுந்து வந்து கை கொடுத்தார். இப்படி ஒரு கம்ப்யூட்டர் நிபுணரை இத்தனை வருடம் அடையாளம் காணாமல் போனோமே என்று ஹிந்தியில் உருகினார். உருகியபடியே ஆர்டரின் குறுக்கே எழுதினார்: ‘பொதுநலன் கருதி மாற்றல் ரத்து.’ ரத்துக்குக் கீழே இரண்டு கோடு.

அச்சுதன் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். ஃபோனில் ருக்மிணியின் பெயர் மின்னி மின்னி அடங்கியது. அவர் மேஜையில் ஆறிப்போயிருந்த டீத் தம்ளரை எடுத்துக்கொண்டு அந்த வழியாக இறங்கிய காத்தவராயன் அவரைப் பார்த்துவிட்டு நின்றான்.

“அதைத்தான் அப்பவே சொல்ல வந்தேன் சார். போன வருசம் ஜோஷி சாரும் இதே மாதிரி எல்லாத்தையும் கெடுத்துட்டு, சரி பண்ணத் தெரியாதுன்னு கையை விரிச்சாரு. மறுநாளே ஸ்வீட் டப்பா குடுத்து, அவரு மாற்றல் கேட்டிருந்த டேராடூனுக்கே ரயிலேத்தி விட்டுட்டாங்க.”