லிஃப்டுக்கு வந்த துக்கம்

வண்ணஞானி வந்தாலும் வந்தார், ஊரில் இருக்கிற ஓவியர்கள் அத்தனை பேருக்கும் தங்களுக்கு மனம் என்று ஒன்று இருப்பது திடீரென்று நினைவுக்கு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வைத்தியம் பார்க்கிற நாலாவது மாடிக் கூடத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். படிக்கட்டு முழுக்க ஆள். விளம்பரப் பலகை எழுதுகிறவர், பத்திரிகைக்குப் படம் போடுகிறவர், கண்காட்சி வைத்து ஒரு படமும் விற்காதவர் என்று ஆளுக்கொரு தூரிகையோடு நிற்பார்கள். துக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார்களாம்.

வைத்தியம் இதுதான். கலைஞனின் துக்கம் அவன் தூரிகைக்குள் இறங்கித் தங்கிவிடும். வண்ணஞானி அதை வாங்கி நெற்றியில் ஒற்றி, கண்ணாடிக் கிண்ணத்து வெந்நீரில் முக்கிவிட்டுக் கண்ணை மூடுவார். கொஞ்ச நேரத்தில் தூரிகையிலிருந்து நூல் நூலாக நிறம் இறங்கும். நீலம் என்றால் சோகம். சிவப்பு என்றால் கோபம். பச்சை என்றால் கூடப் படித்தவன் நன்றாயிருக்கிறான் என்று அர்த்தம். நாள் முழுக்க வண்ணத்தில் புரளுகிற கூட்டம், தூரிகையிலிருந்து வண்ணம் வருவதைப் பார்த்து வாய் பிளக்கும்! போன வாரம் ஒரு சிற்பி உளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். உளிக்கு வைத்தியம் அடுத்த வருஷம்தான் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்போதாவது யாருக்காவது பொறி தட்டியிருக்க வேண்டும்.

நம்முடைய ஆளுக்குத் தட்டவில்லை. அவன் குழந்தைகள் புத்தகத்துக்குப் படம் வரைகிறவன். ஏழெட்டு மாதமாக ஒரு திமிங்கலக் கதையோடு மல்லுக்கட்டுகிறான். பதிப்பகத்தார் படத்தைத் திருப்பி அனுப்பும்போதெல்லாம் ஒரே குறிப்புதான்: திமிங்கலம் இன்னும் கொஞ்சம் சிரிக்கட்டும். வரைகிறவனோ குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதுகொண்டிருந்தான். தூக்கம் போயிற்று. சோறு இறங்கவில்லை. மனநல மருத்துவரிடம் போனான். மாத்திரையும் பேச்சுமாகக் கொஞ்சம் தேறி வந்தான். அந்த நேரம் பார்த்து வண்ணஞானி குறுக்கே வந்தார். மருத்துவர் பக்கம் போவதை நிறுத்திவிட்டான். இரண்டு தடவை அவன் தூரிகை கிண்ணத்தில் இறங்கியது, இரண்டு தடவையும் நீலம். கடலை வரைகிறவன் தூரிகையில் வேறென்ன வரும், சாம்பாரா வரும்? "ஆழமான சோகம்" என்றார் வண்ணஞானி. "எல்லாத் தூரிகையையும் என்கிட்ட ஒப்படைச்சிட்டு, வரையறதை நிறுத்திடு. துக்கம் வேரோட போயிடும்."

இன்றைக்கு ஒப்படைக்கும் நாள். தூரிகைகளையெல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்து வந்திருந்தான். கூடவே அவன் அக்காவும் வந்தாள். பெரிய மனிதர்களின் மூக்கை நீட்டி வரைந்தே செய்தித்தாளில் காலம் தள்ளுகிற கேலிச்சித்திரக்காரி.

கீழே லிஃப்ட் நடுவழியில் நின்றுபோயிருந்தது. காவலாளி ஓர் அட்டையையும் சிவப்பு வண்ண டப்பாவையும் வைத்துக்கொண்டு விழித்துக்கொண்டிருந்தார். அக்கா தன் பையிலிருந்து பிரிக்காத புதுத் தூரிகை ஒன்றை எடுத்து, 'லிஃப்ட் பழுது, படியில் வரவும்' என்று எழுதிக் கொடுத்தாள். காவலாளியின் டம்ளர் தண்ணீரில் தூரிகையை இரண்டு ஆட்டு ஆட்டித் துடைத்துப் பையில் போட்டாள்.

படியேறும்போது கேட்டாள். "டாக்டர்கிட்ட போனியாடா?"

"இல்லக்கா. மாத்திரை சாப்பிட்டா கலை செத்துப்போயிடும்னு ஞானி சொல்லிட்டார்."

"நீ செத்துப்போயிட்டா உன் கலை என்னடா பண்ணும்?"

அவள் எதற்குப் பயப்படுகிறாள் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்ததனாலேயே இரண்டிரண்டு படியாக ஏறினான்.

கூடத்தில் அக்கா முந்திக்கொண்டாள். "ஐயா, நமக்கு வேண்டப்பட்ட ஒண்ணு ரொம்ப மோசமான நிலையில இருக்கு. நேர்ல வர முடியல. தூரிகையை மட்டும் கொண்டாந்திருக்கேன்."

"தூரிகை போதும்மா. ஆள் எதுக்கு?" என்றார் வண்ணஞானி. உதவியாள் பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றினான். தூரிகை இறங்கியது. சிவப்பு குபுகுபுவென்று வந்தது. கூட்டம் முனகியது.

வண்ணஞானி முகத்தைச் சுளித்தார். "அடடா! ரொம்ப நாளா பாரம் சுமக்கிற உசுரு. மேலயும் போக முடியல, கீழயும் வர முடியல, நடுவுல நின்னு தவிக்குது."

"ரொம்பச் சரிங்க!"

"அம்மா மேல கோபம்."

"அதுக்கு அம்மா கிடையாதுங்களே."

"அதான் கோபம்!"

நம்முடைய ஆளுக்கு அப்போதுதான் உறைத்தது. வயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு பீறிட்டது. வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. "லிஃப்டுய்யா அது! கீழ அட்டையில எழுதினாளே, அந்தத் தூரிகை!" என்று கத்திவிட்டான்.

மூச்சு வாங்க நாலு மாடி ஏறி வந்தவர்கள் எல்லோரும் அந்த அட்டையைப் பார்த்தவர்கள்தான். பின்வரிசையில் சிரிப்பு வெடித்தது. முன்வரிசைக்கு மட்டும் கோபம். "ஞானியைச் சோதிக்கலாமா?" என்றார் பலகை எழுதுகிறவர். வண்ணஞானியும் சுதாரித்துக்கொண்டார். "வஞ்சகமா கொண்டாந்த தூரிகை பொய்தான் பேசும். உண்மையான துக்கக்காரன் தூரிகையைக் குடுங்க, காட்டறேன்."

"குடுடா" என்றாள் அக்கா. "அதுக்கு முன்னாடி அந்தக் குழாயில சோப்பு போட்டுக் கழுவிட்டுக் குடு. அடிவரைக்கும்."

மூலையில் கைகழுவும் தொட்டி இருந்தது. அவன் தூரிகையை உள்ளங்கையில் தேய்த்தான். மயிரைக் கவ்விப் பிடித்திருக்கும் தகரப் பூணுக்குள்ளிருந்து நீலம் வந்தது, வந்துகொண்டே இருந்தது. மாதக்கணக்கில் சேர்ந்த கடல். தூரிகையைக் கப்பில் இரண்டு ஆட்டு ஆட்டிவிட்டு எழுந்து போகிற சோம்பேறி வழக்கம் அவனுக்கு மட்டுமா? அங்கே நின்ற அத்தனை பேருக்கும் அதே வழக்கம்தான். ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் தூரிகையின் பூணைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

உதவியாள் சிவப்பைக் கொட்டிவிட்டு வேறு வெந்நீர் ஊற்ற, கழுவிய தூரிகை கிண்ணத்தில் இறங்கியது. வண்ணஞானி கண்ணை மூடினார், திறந்தார், மறுபடியும் மூடினார். தண்ணீர் அப்படியே தெளிந்து கிடந்தது. ஆனால் இப்படிப்பட்டவர்களுக்கு நாக்கில் எலும்பு கிடையாது. எழுந்து நின்று கையைத் தூக்கினார்.

"பார்த்தீங்களா! என் பார்வை பட்டதும் துக்கம் ஓடிப்போச்சு! இவன் இனிமே பூரண சுகம்!"

முன்வரிசை கைதட்டியது.

"போகலைங்க" என்றான் அவன்.

கைதட்டல் நின்றது.

"போகலைங்க. இப்பவும் இருக்கு. நேத்து ராத்திரியும் நான் தூங்கல. காலையில எழுந்திரிக்கவே பிடிக்கல. தூரிகை சுத்தமாயிடுச்சு, நான் அப்படியேதான் இருக்கேன்."

முன்னால் நின்ற பலகை எழுதுகிறவர் தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கும்தான் தம்பி" என்று யாரோ மெல்லச் சொன்னார்கள். பிறகு கூட்டம் வண்ணஞானியைப் பார்க்கவில்லை, ஒருவரையொருவர் பார்த்தது. வண்ணஞானி பிளாஸ்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்தார். லிஃப்ட் வேலை செய்யாததால் அவரும் படியில்தான் இறங்க வேண்டியிருந்தது. நாலு மாடிக்கும் கேள்வி கேட்டுக்கொண்டே துரத்தினார்கள்.

அவன் பையைத் திரும்பத் தோளில் மாட்டிக்கொண்டு, அங்கேயே மருத்துவருக்குப் போன் செய்தான். அக்கா பக்கத்தில் நின்றாள்.

வண்ணஞானி இந்நேரம் வேறு ஊரில் கிண்ணம் வைத்திருப்பார். உங்கள் ஊராகவும் இருக்கலாம். மனசு பாரமாயிருந்தால் மருத்துவரைப் பாருங்கள். தூரிகை அழுக்காயிருந்தால் சோப்புப் போடுங்கள். இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் யாராவது வரிசையில் நின்றால், மூளையையும் பூண் வரைக்கும் ஒரு தடவை கழுவிக்கொள்ளச் சொல்லுங்கள்.