சுமை குறைவு

கோக்தெபா நீரேற்று நிலையத்தின் மூன்றாவது மோட்டார் மறுபடியும் நின்றபோது, ஹம்தம் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார்.

“இந்தத் தடவை என்னவாம்?”

மோட்டார் அறையில் வேலை பார்க்கும் ஸலோமத், ரிலேயின் சின்னத் திரையை எட்டிப் பார்த்தாள். “அதேதான் அண்ணே. சுமை குறைவுன்னு காட்டுது.”

“சுமை குறைவா? மேட்டுக்குத் தண்ணி ஏத்துற மோட்டாருக்கா? இது என்ன, கம்பளி நூல் நூற்கிற ராட்டினமா?”

மோட்டாருக்கு ஏதாவது கோளாறு என்றால் உடனே நிறுத்திவிடுவதுதான் ரிலேயின் வேலை. ரஷ்யர் காலத்து ரிலே ஒன்று இருந்தது. அது மோட்டார் எரிந்தால்கூட வாயைத் திறக்காது. அதற்குப் பதில் போன மாதம் வந்தது இந்தப் புது ரிலே. சுமை எந்த அளவுக்குக் கீழே போனால் நிறுத்த வேண்டும், எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்றெல்லாம் அதற்குச் சொல்லி வைத்தவர் ஹம்தம். அதனால் மோட்டார் நின்றால் ஊர் முழுக்க அவரைத்தான் திட்டியது.

தொலைபேசி அடித்தது. இயக்குநர் நோர்முராத்.

“ஏன்யா ஹம்தம், மேட்டுல பருத்தி கருகுது. நீ அங்க பெட்டியோட விளையாடிட்டு இருக்கியா?”

“ஐயா, ரிலே பொய் சொல்லுது.”

“பெட்டி பொய் சொல்லாது. அதுக்குச் சொல்லிக் கொடுத்தவன் மடையனா இருப்பான். மத்தியானத்துக்குள்ள தண்ணி ஏறலைன்னா நாளையிலேருந்து வராத. வீட்டுல ஆடு மேய்!”

ஹம்தம் ரிலேயை முறைத்தார். பிறகு பொத்தான்களைக் குத்திக் குத்தி அளவைப் பாதியாகக் குறைத்தார். மோட்டார் ஓடியது. ஸலோமத் தேநீர் ஊற்றினாள். அவர் வாயருகே கிண்ணத்தைக் கொண்டுபோனார். மோட்டார் நின்றது.

“சுமை குறைவு” என்றாள் ஸலோமத்.

“நீ படிக்க வேணாம். எனக்குத் தெரியும்!”

பொறுக்கும் நேரத்தைக் கூட்டினார். இப்போது தேநீரைக் குடித்து முடிக்கும்வரை ஓடிவிட்டு நின்றது.

“என்னைக் கேலி பண்ணுதும்மா இது!” என்று கத்தியவர், அந்தக் காவலையே அடியோடு நிறுத்தி வைத்தார். இனி சுமை குறைந்தாலும் ரிலேக்குக் கண் தெரியாது.

மோட்டார் ஓடியது. நிற்கவே இல்லை. ஹம்தம் இயக்குநரைக் கூப்பிட்டார். “ஐயா, ஓடுது! மேட்டுக்காரங்களை மடையைத் திறக்கச் சொல்லுங்க!”

கொஞ்ச நேரத்தில் மேட்டிலிருந்து விவசாயி சோரி பேசினார்.

“ஹம்தம், குழாய்ல காத்து வருது.”

“முதல்ல காத்துதான் வரும்.”

“அரை மணி நேரமா வருதுய்யா. மண்வெட்டியோட நாப்பது பேர் நிக்கிறோம். காத்தைப் பாத்தி கட்டவா?”

ஹம்தமின் முகம் சிவந்தது. மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் இல்லை. அப்படியென்றால் ஒன்றுதான் இருக்க முடியும் என்று முடிவு கட்டினார். “தலைகீழாச் சுத்துது! எவனோ கம்பியை மாத்தி மாட்டியிருக்கான்!”

“நேத்து சரியாத்தானே சுத்துச்சு அண்ணே?”

“நேத்து நீ வாய் பேசாம இருந்தே!”

மோட்டாரை நிறுத்தி, இரண்டு கம்பிகளை இடம் மாற்றி மாட்டினார். ரிலே உடனே கம்பி வரிசை தவறு என்றது. “உன்னை யாரு கேட்டா?” என்று அந்தக் காவலையும் நிறுத்தினார். மோட்டார் மறுபடி ஓடியது. இம்முறை கடகடவென்று, ஓட்டு வீட்டுக் கூரைமேல் குதிரை ஓடுவதுபோல ஒரு சத்தம். பம்பின் கழுத்திலிருந்து புகை கிளம்பியது.

“சூடு ஏறுதுன்னு சொல்லுது” என்றாள் ஸலோமத்.

“அதையும் நிறுத்துறேன்!”

ஸலோமத் பெட்டிக்கு முன்னால் போய்க் கைகளை விரித்து நின்றாள். “முதல்ல என்னை நிறுத்துங்க. எரிஞ்சா நானும்தான் உள்ள இருக்கேன்.”

புகை கூரையைத் தொட்டது. ஹம்தம் பாய்ந்து போய்ச் சிவப்புப் பொத்தானை அடித்தார்.

வெளியே டிராக்டர் சத்தம். நாற்பது பேரும் மண்வெட்டியோடு வந்து இறங்கினார்கள். “காத்து வித்தவன் எங்கடா?” என்று சோரி கத்தினார். அவர்களுக்குப் பின்னாலேயே இயக்குநரின் வெள்ளைக் கார் வந்து நின்றது. ஆனால் இறங்கியவர் ஓட்டுநர் எஷ்மத் மட்டும்.

ஹம்தமுக்குப் புரிந்துவிட்டது. போ என்று சொல்லக்கூட ஐயா நேரில் வரவில்லை.

“வா எஷ்மத், சொல்லிடு!” என்று எகிறினார். “இருபத்தாறு வருஷம் இந்த மோட்டாருங்களோட படுத்து எழுந்தவன் நான். என் அளவுல தப்பு இருந்தா இந்த மீசையை எடுத்துடறேன். உங்க ஐயா வாழ்க்கையில ஒரு பல்பு மாட்டியிருப்பாரா? என்னை வெளிய போன்னு சொல்ல அவருக்கு என்ன யோக்கியதை? ம், சொல்லு!”

எஷ்மத் மண்வெட்டிகளை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“அதெல்லாம் எனக்குத் தெரியாது அண்ணே. காலையில ஐயா வீட்டம்மா மேல வாய்க்கால்ல அலசும்போது பெரிய கம்பளம் கைநழுவிப் போயிடுச்சாம். இந்த மூணாவது மோட்டார் தண்ணி இழுக்கிற வாய்ல, கம்பி வலை மேல ஒட்டிக்கிட்டு நிக்குதாம். கிழியாம எடுத்துத் தரச் சொன்னாங்க.”