செம்பாறையும் சிவப்புக் குடையும்

வரைவதற்காக நட்டிருந்த வெள்ளைக் குடையைக் காற்று பிடுங்கிக்கொண்டு போனபோதுகூட ஓவியர் பாறையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பாலைவனத்தின் நடுவே பிளந்து நின்ற அந்தச் செம்பாறையைப் பார்த்ததும், வண்டி முழுதாக நிற்கும் முன்பே குதித்திருந்தார். உச்சியைப் பார்க்க அண்ணாந்ததில் தொப்பி கீழே விழுந்துவிட்டது.

"அத்தான், ஒரு நிமிஷம்..." என்றான் வண்டி ஓட்டி வந்த மைத்துனன்.

"மூச்! நான் வரையறப்ப யாரும் வாயைத் திறக்கக் கூடாது."

மறுநாள் காலை கண்காட்சி. அதுவரை புகைப்படங்களைப் பார்த்தே குளங்களாக வரைந்து தள்ளியவர், இந்த முறை நேரில் போய்ப் பாலைவனத்தின் பெரிய பள்ளத்தாக்கையே கொண்டுவருகிறேன் என்று மார்தட்டி, கண்காட்சியின் நடுச்சுவரைத் தன் படத்துக்கென்று கேட்டு வாங்கியிருந்தார். வெறுங்கையோடு போனால் மானம் போய்விடும்.

மனைவி தன் சிவப்புக் குடையை விரித்துப் பிடித்தாள். அதன் நிழலில், தாளில் பாறை தகதகவென்று வந்தது. பெருமையோடு வெயிலில் நீட்டிப் பார்த்தார். துவைத்துத் துவைத்து வெளுத்த சட்டை மாதிரி இருந்தது.

"ஏங்க, அந்தச் சிவப்பெல்லாம் என் குடையோடது போல."

குடையைத் தள்ளிவிட்டு வெயிலிலேயே சிவப்பை அள்ளி அப்பினார். வண்ணம் தூரிகையிலேயே காய்ந்தது. குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றினார். உச்சி வழிந்து அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தது. காயட்டும் என்று காற்றில் பிடித்தார். மணல் வந்து அப்பிக்கொண்டது.

"பரவாயில்ல, நிஜ மணலாவது இருக்கு," என்றாள் மனைவி.

"அத்தான், நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"பேசாதேன்னு சொன்னேன்ல?"

வெயில் சாய்ந்தது. பாறையின் மடிப்புகள் ஒவ்வொன்றாகத் தீப்பற்றியதுபோல் சிவந்தன. ஓவியரின் கையிலிருந்து தூரிகை நழுவியது. இவ்வளவு பெரிய ஒன்றின் முன்னால் நிற்கிறோமே என்று உடம்பெல்லாம் சிலிர்த்தது. மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தோத்துட்டேன்," என்றார் கண் கலங்க. "சுவர் காலியாவே இருக்கட்டும். இதைக் கண்ணால பாத்ததே போதும். இதுக்கு மேல ஒரு காட்சி உலகத்துல இருக்க முடியாது."

மைத்துனன் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தான்.

"இப்பப் பேசலாமா, அத்தான்? இன்ஜின் சூடாயிடுச்சேன்னுதான் இங்க நிறுத்தினேன். நாம பாக்க வந்த பள்ளத்தாக்கு அந்த மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கு."