ஆடியில் அப்டேட் ஆகாது

“ஏட்டி, கைய எடு! எடுங்கேன்லா! அந்தப் பொத்தான அமுக்குனே, கண்ணாப்பையாலயே சூடு போட்டுருவேன், ஆமா!”

“எத்தே, நாலு நாளா அது கெஞ்சுது. ‘இப்ப போடட்டா, பெறவு போடட்டா’ன்னு கேட்டுக் கேட்டு அதுக்கே தொண்ட வத்திப் போச்சு. போட்டாத்தான் ஞாயித்துக்கெழம ஒங்க மவன் மூஞ்சி தெரியும்.”

“மூஞ்சி தெரியணும்னு ஆளையே காவு குடுக்கச் சொல்லுதியா? ஆடி மாசம்ட்டி இது! கோட்டி கீட்டி புடிச்சிருக்கா ஒனக்கு?”

ஐந்தருவிக்குப் போகிற ரோட்டில், மாரித்தாயின் மிளகாய் பஜ்ஜிக் கடை வாசலில் நடந்த சண்டை இது. பஜ்ஜி அரிக்கிற, எண்ணெய் சொட்டும் கண்ணாப்பை மாரித்தாய் கையில், அவளுடைய போன் முத்துசெல்வி கையில். குளிக்கப் போன கூட்டம் தலையில் எண்ணெயும் தோளில் துண்டுமாக நின்றுவிட்டது. அன்றைக்கு அருவியில் தண்ணீர் நூல்போலத்தான் விழுந்தது. அதைவிட இங்கே சாரல் பலம்.

ஊர்வம்பு நமக்கு எதற்கு? ஆனாலும் முழுசாகச் சொல்லாவிட்டால் பஜ்ஜி செரிக்காது.

மாரித்தாய்க்கு ஒரே மகன், மாரிராஜ். ராணுவத்தில் இருக்கிறான், ராஜஸ்தான் எல்லையில். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வீடியோவில் கூப்பிடுவான். அந்த அரை மணி நேரம் கடையில் அடுப்பு அணைந்திருக்கும். கலெக்டரே வந்து கேட்டாலும் பஜ்ஜி கிடையாது. அப்படிப்பட்ட போனில்தான் ஒரு அறிவிப்பு வந்தது: புது சிஸ்டம் தயார், போட்டுக்கொள்ளவும்; சனிக்கிழமைக்குள் போடாத பழைய போன்களில் வீடியோ கால் வேலை செய்யாது.

முத்துசெல்வி, மாரிராஜ் கடைசி லீவு முடிந்து போன பிறகு எதிர்வீட்டுக்குக் குடிவந்த பெண். தென்காசி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு செல்போன் சர்வீஸ் கடையில் வேலை. பத்து விரலில் எட்டு விரல் போனுக்குள்ளேயே கிடக்கும். மாரித்தாயை அத்தை முறை வைத்து ‘எத்தே’ என்று கூப்பிடுவது தெருவழக்கம். அதில் வேறு அர்த்தம் ஒன்றும் இல்லை. அன்றைக்கு இல்லை.

போட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே என்பீர்கள். அங்கேதான் சிவசைலம் அண்ணாச்சி வருகிறார். பக்கத்துக் கடையில் சுக்குக்காப்பி விற்கிறவர். ஆடி முதல் தேதி அவர் போன் செத்துப் போனது. பொண்டாட்டி வள்ளித்தாய் இடுப்பில் கைவைத்து “எப்படிச் செத்துச்சு?” என்று கேட்டாள். அண்ணாச்சி ஒரு நிமிஷம் யோசித்து, “அப்டேட்னு ஒண்ணு வந்துச்சுட்டி. போட்டேன், உசுரு போயிட்டு” என்றார். அந்த ஒரு நிமிஷ யோசனையை யாராவது கவனித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. யாரும் கவனிக்கவில்லை. சாயங்காலத்துக்குள் செய்தி புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட் வரைக்கும் போய்விட்டது.

செய்தி போன இடத்துக்கெல்லாம் பின்னாலேயே போகிற ஒருவர் உண்டு. பெயர் மந்திரமூர்த்தி. போன வருஷம் சீசனில் அருவிக்கரையில், போன் நனையாமல் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் உறை விற்றவர். உறைக்குள் தண்ணீர் புகுந்து நாலு பேர் சட்டையைப் பிடித்ததும் ஆளைக் காணவில்லை. இந்த வருஷம் திரும்பி வந்தார், காவி வேட்டியோடு. கழுத்தில் உருத்திராட்சம், இடுப்பில் பவர்பேங்க், தலைக்குமேல் பேனர்: ‘செல்போன் ஜாதகச் சக்கரவர்த்தி’.

அவர் சொன்ன வியாக்கியானம் இதுதான்:

“அப்டேட்னா என்ன? ஒம்ம போனுக்குள்ள புதுசா ஒண்ணு குடியேறுது. குடியேறுதுன்னா என்ன? கிரகப்பிரவேசம். ஆடி மாசத்துல எவனாவது பால் காய்ச்சுவானா? சொல்லும் ஓய்!”

காய்ச்ச மாட்டான். கூட்டம் தலையாட்டியது. பட்டப்படிப்பு படித்த தலைகளும் ஆடின; படித்த தலை என்றால் கொஞ்சம் அழுத்தமாகவே ஆடும். அப்டேட்டை அனுப்புகிற கம்பெனிக்காரன் ராகுகாலம் பார்த்தா அனுப்புகிறான் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவனுக்கு ஆடியும் தெரியாது, அமாவாசையும் தெரியாது.

முறை எளிது. போனை அணைத்து, மஞ்சள் துணியில் மூட்டை கட்டிக் கொண்டுவர வேண்டும். மூட்டையை அவர் பிரிக்க மாட்டார். பிரித்தால் தோஷம் அவர்மேல் ஏறிவிடுமாம். நூலில் கட்டிய எலுமிச்சம்பழத்தை மூட்டைக்கு மேல் தொங்கவிடுவார். பழம் வலப்பக்கம் ஆடினால் அப்டேட் போடலாம். இடப்பக்கம் ஆடினால் தோஷம், பரிகாரம். தட்சிணை வைக்கும்வரை எந்தப் பழமும் வலப்பக்கம் ஆடியதாகச் சரித்திரம் இல்லை.

பக்கத்தில் பட்டு மெத்தையில் ஒரு போன் வீற்றிருக்கும். அதற்குச் சந்தனப் பொட்டு உண்டு, துளசி மாலை உண்டு. திரையில் எந்நேரமும் பஞ்சாங்கம் ஓடும். அதன் பெயர் குரு போன். வருகிறவர்கள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள்.

மாரித்தாயும் ஒற்றிக்கொண்டாள். பழம் இடப்பக்கம் ஆடியது. சும்மா ஆடவில்லை, ஊஞ்சல் ஆடியது.

“ஆத்தா, இதுக்குள்ள ஒரு பட்டாளத்துக்காரன் மொகம் தெரியுதே?” என்றார் மந்திரமூர்த்தி. வரிசையில் நின்றபோது மாரித்தாய் முன்னாலும் பின்னாலும் நின்ற ஒன்பது பேரிடம் மகன் கதை சொல்லியிருந்தாள் என்பது வேறு விஷயம். “ஆடியில வேற ஒண்ணு உள்ள வந்தா அந்த மொகம் வெளிய போயிரும். வெளியன்னா… நான் வாயால சொல்ல மாட்டேன். வெள்ளிக்கெழம வா. அந்தப் புள்ள வாங்கிக் குடுத்த தங்கம் எதாச்சும் ஒண்ணு கொண்டா. குரு போனுக்கடியில வச்சு எடுக்கணும்.”

எடுக்கிறது யார் என்று அவர் சொல்லவில்லை.

மாரித்தாய் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். மகன் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த ஒற்றைக்கல் மூக்குத்தி. அதற்குப் பிறகுதான், ‘நான் போட்டுத் தாரேன் எத்தே’ என்று முத்துசெல்வி போனை வாங்கியதும், நீங்கள் முதலில் கேட்ட கூச்சலும்.

முத்துசெல்வி போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். கொடுத்துவிட்டு, குரலைத் தணித்தாள்.

“சரித்தே. ஒரே ஒரு சோதன. அவருக்குத்தான் மூட்டையப் பிரிக்காமலே உள்ள இருக்குறது தெரியுதுல்லா? வெள்ளிக்கெழம மூட்டையில போன வைக்காதிய. இத வைங்க.”

அவள் நீட்டியது மாரித்தாய் வீட்டுக் குளியல் சோப்பு. பச்சை நிறம். பாதி தேய்ந்து, மேலே ஒரு தலைமுடி ஒட்டியிருந்தது.

“ஏட்டி, சாமி குத்தம் ஆயிரும்!”

“‘இது போன் இல்ல தாயி, சோப்பு’ன்னு அவரு சொல்லிட்டாருன்னா, மூக்குத்திய நானே கழத்தி வைக்கேன். எங் கம்மலையும் சேத்து வைக்கேன்.”

மாரித்தாய் வியாபாரி. கம்மலும் சேர்ந்து வருகிறது என்றதும் கொஞ்சம் யோசித்தாள்.

ஆடி வெள்ளி. பெண்கள் கூட்டம் பேனருக்கு வெளியே ரோடுவரை. மாரித்தாய் மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். உண்மையான போன் இடுப்பு முந்தானையில் செருகியிருந்தது. மூட்டையிலிருந்து லேசாக வாசம் வந்தது. முன்னால் நின்றவள் திரும்பி, “தெய்வீக வாசம் வருதுல்லா?” என்றாள். மாரித்தாய் இரண்டு தடவை ‘சாமி, இது சோப்பு’ என்று சொல்லவே வாயெடுத்துவிட்டாள். பின்னாலிருந்து முத்துசெல்வி இடுப்பில் ஒரு இடி கொடுத்ததால் ஊர் பிழைத்தது.

மந்திரமூர்த்தி மூட்டையை வாங்கி வைத்தார். பழம் தொங்கியது, ஆடியது, இடப்பக்கம்.

“அய்யய்யோ!” என்று கண்ணை மூடினார். “போன தடவையவிட முத்திருச்சே! பையன் மொகம் கலங்குது. இந்தப் போனுக்குத் தண்ணியில கண்டம் இருக்கு ஆத்தா! தண்ணி பட்டா அப்படியே கரைஞ்சிரும்!”

நியாயமாகச் சொன்னால், அவர் வாழ்க்கையில் சொன்ன ஒரே சரியான ஜோசியம் அதுதான்.

“எம் மவன் மொகம் தெரியுதா, சாமி?” என்று கேட்டாள் மாரித்தாய். குரல் நடுங்கவில்லை என்பதை முத்துசெல்வி கவனித்தாள்.

“தெரியுது. ஒங்கிட்ட வர முடியாம அழுதுகிட்டு நிக்கான். மூக்குத்தியக் கழத்து, சீக்கிரம்!”

மாரித்தாய் மூக்கில் கை வைக்கவில்லை, மூட்டையில் வைத்தாள். முடிச்சை அவிழ்த்தாள். பச்சைச் சோப்பு வெளியே வந்தது, தலைமுடியோடு.

“இதுக்குள்ளயாலே எம் மவன் அழுதான்? மொதுகு தேய்க்கிற சோப்புக்குள்ளயாலே? எம் புள்ளைக்கு ஆபத்துன்னு சொல்லிச் சொல்லி நாலு நாளா என் ஒறக்கத்தக் கெடுத்தியே, சவத்துமூதி!”

சாமி ‘லே’ ஆனது அந்த நொடியில்தான்.

ஆனால் மந்திரமூர்த்தி லேசுப்பட்ட ஆளா? கையைத் தூக்கினார். “பாத்தியளா தோஷத்த! போனு சோப்பா மாறிட்டு!”

நம்ப மாட்டீர்கள், பின்வரிசையில் ஒரு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு குலவை போட ஆரம்பித்துவிட்டாள். நம் ஜனங்களுக்கு அவசரம் அதிகம்.

“குலவைய நிறுத்துங்கக்கா,” என்று முத்துசெல்வி முன்னால் வந்தாள். “எத்தே, இடுப்புல இருக்குறத எடுத்துக் காட்டுங்க.” போன் வந்தது. அது மாறவும் இல்லை, நுரைக்கவும் இல்லை. “இது கெடக்கட்டும். ஆடியில அப்டேட் ஆகாதுல்லா? குரு போன் என்ன சொல்லுதுன்னு கேப்போம்.”

மந்திரமூர்த்தி கை நீள்வதற்குள் பட்டு மெத்தை காலியாகிவிட்டது. பஞ்சாங்கம் ஓடிக்கொண்டிருந்ததால் பூட்டு இல்லை. எட்டு விரலில் இரண்டே விரலால் உள்ளே போய், எல்லாரும் பார்க்கத் திரையைத் திருப்பிப் பிடித்தாள்.

“வாசிங்க பெரியவரே.”

கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் வாசித்தார்: “கடைசியா அப்டேட் போட்டது… போன செவ்வாய்க்கெழம, சாயங்காலம் மூணே முக்கால்.” நிமிர்ந்தார். “ஏ, ஆடிச் செவ்வாய்! அதும் ராகுகாலம்லா ஓய்!”

கூட்டம் ‘கொல்’லென்று சிரித்தது. பயந்த வாயெல்லாம் சிரித்தால் எப்படி இருக்கும் தெரியுமா? அருவிச் சத்தம் கேட்கவில்லை.

அதற்குள் வரிசையில் நின்ற வள்ளித்தாய்க்கு ஒரு சந்தேகம் வந்தது. “அப்போ எங்க வீட்டு ஆளு போனு எப்படிச் செத்துச்சு?”

எல்லாத் தலையும், வேடிக்கை பார்க்க வந்திருந்த சிவசைலம் அண்ணாச்சி பக்கம் திரும்பின. அந்தப் போனைக் கடையில் கழற்றிப் பார்த்தவள் முத்துசெல்விதான், சும்மா அவரைப் பார்த்தாள். அண்ணாச்சி வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார், ஏற்றிக் கட்டினார், மறுபடி இறக்கினார்.

“அது… அருவிக்குக் கீழ நின்னு ஒரு செல்பி எடுத்தேன்… வழுக்கிட்டு.”

“புது போனு! அருவிக்குள்ளயா!” என்று வள்ளித்தாய் துண்டை முறுக்கினாள். அது குடும்ப விஷயம், நாம் தலையிட வேண்டாம்.

மாரித்தாய் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மணி பதினொன்றேகால், வெள்ளிக்கிழமை ராகுகாலம் சரியாக நடுமத்தியில் இருந்தது. “எங்கனட்டி அமுக்கணும்?” என்று கேட்டாள். முத்துசெல்வி காட்டினாள். அவளே அமுக்கினாள்.

திரை கறுத்தது. ஐம்பது பேர் ஒரு போனைச் சுற்றி மூச்சுவிடாமல் நின்றார்கள். ஒரு கோடு ஊர்ந்தது. நின்றது. “செத்துட்டா?” என்றாள் மாரித்தாய், வாய்க்குள். கோடு மறுபடி ஊர்ந்தது. கால்மணி நேரம் கழித்து, ‘டிங்’ என்று ஒரு சத்தம். திரை வெளுத்தது. முகப்புப் படத்தில் தொப்பியும் மீசையுமாக மாரிராஜ், எப்போதும் போலப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான்.

மாரித்தாய் அழுதாள். பிறகு, ‘எண்ணெய் காயுது’ என்று கடைக்கு ஓடினாள். இந்தக் களேபரத்தில் மந்திரமூர்த்தி பேனரைக்கூட அவிழ்க்காமல் நழுவியிருந்தார். பழத்தை மட்டும் விட்டுப் போனார். சிவசைலம் அண்ணாச்சி அதைச் சுக்குக்காப்பியில் பிழிந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மணி அடித்தது. புது சிஸ்டத்தில் எந்தப் பொத்தான் எங்கே என்று மாரித்தாய்க்குத் தெரியவில்லை. முத்துசெல்விதான் போனைத் தூக்கிப் பிடித்தாள். அதனால் மாரிராஜுக்கு அம்மாவின் காதும் முத்துசெல்வியின் முழு முகமும் தெரிந்தன.

“யம்மா, அது யாரும்மா?” என்றான் ராஜஸ்தானிலிருந்து.

அதற்கடுத்த வாரங்களில் அவன் கேட்ட சந்தேகமெல்லாம் புது சிஸ்டத்தைப் பற்றித்தான் என்று மாரித்தாய் வெகுநாள் நம்பினாள். அடுத்த வருஷம் கல்யாணம். ஜாதகம் பார்க்கவில்லை. அவனுக்கு லீவு கிடைத்தது ஆடியில். தென்காசியில் எந்த மண்டபம் வேண்டும் என்று கேட்டுக் கேட்டுக் கொடுத்தார்கள். “ஆடியிலயா கல்யாணம்?” என்று முகத்தைச் சுளித்தவர்களிடம் மாரித்தாய், “ஆடியில அப்டேட் போட்டு ஆருக்கு என்ன கொறஞ்சிச்சு? பந்திக்கு வாங்க” என்றாள். ‘எத்தே’ மட்டும் மாறவே இல்லை. இப்போது அதற்கு அர்த்தம் வந்துவிட்டது. பொண்ணும் மாப்பிள்ளையும் ராஜஸ்தானில். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு இப்போது இரண்டு முகம் தெரிகிறது, பஜ்ஜி அப்போதும் கிடையாது.

மந்திரமூர்த்தி வீரகேரளம்புதூர்ப் பக்கம் போய்விட்டாராம். சார்ஜரைக் கிழக்கு பார்த்துச் செருகினால் ஐசுவரியம், தெற்கு பார்த்துச் செருகினால் கண்டம் என்று வீடு வீடாக வாஸ்து சொல்லுகிறாராம். அங்கேயும் மூட்டைதான், எலுமிச்சம்பழந்தான். கூட்டம் நன்றாகவே இருக்கிறதாம்.

போகிறவர்கள் போகலாம். போகும்போது ஒரு சோப்பு எடுத்துக்கொண்டு போங்கள்.