பதினாறு கிலோ குறைத்தவன் மலை ஏறிய கதை

எடை குறைத்தவனைப் போல ஒரு தொந்தரவு உலகத்தில் கிடையாது. குடியை விட்டவன்கூட குடிக்கிறவனைப் பார்த்தால் ஓர் ஏக்கத்தோடு ஒதுங்கிப் போய்விடுவான். எடை குறைத்தவன் போக மாட்டான். கல்யாணப் பந்தியில் நமக்குப் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்து, நம் இலையையே பார்த்துக்கொண்டிருப்பான். ஐந்து வருடங்களுக்கு முன்னால் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த பிறவிகளில் நானும் ஒருவன். இப்போது நினைத்தால் அந்த ஆளைத் தேடிப்பிடித்து ஓர் அறை விடலாம் போலிருக்கிறது.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக ஆர்டர்களைக் கவனிக்கிற வேலை எனக்கு. ஏசி அறை, சுழல் நாற்காலி, மணிக்கொரு டீ. நாற்காலி என் அளவுக்கு அகன்றதா, நான் நாற்காலி அளவுக்கு அகன்றேனா தெரியாது. ஒரு நாள் செல்போனில் எவனோ பேசிய வீடியோவைப் பார்த்து ஞானம் பிறந்தது. அன்றோடு சோற்றை நிறுத்தினேன். காலையில் சர்க்கரையில்லாத கடுங்காப்பி, மத்தியானம் இரண்டு அவித்த முட்டையும் வெள்ளரிக்காயும், ராத்திரி ஒரு டம்ளர் மோர். நாலே மாதத்தில் பதினாறு கிலோ போனது.

உடற்பயிற்சி உண்டா என்று கேட்பீர்கள். கிடையாது. உடற்பயிற்சி செய்தால் பசிக்கும், பசித்தால் சாப்பிடத் தோன்றும், ஆகவே அது எடைக்கு எதிரி என்பது என் கண்டுபிடிப்பு. இரண்டாவது மாடிக்கு லிப்ட்டில்தான் போனேன். (லிப்ட் ரிப்பேரான அன்று வேலையைக் கீழேயே முடித்துக்கொண்டேன்.)

ஆனால் என்னைப் போல ஆரோக்கியமானவன் கொங்கு நாட்டிலேயே இல்லை என்று நம்பினேன். வெளிநாட்டிலிருந்து துணி வாங்கும் பையருக்கு அனுப்ப வேண்டிய மீடியம் சைஸ் டி-ஷர்ட் சாம்பிளை நானே போட்டுக்கொண்டு தையல் பிரிவு முழுக்க நடந்து காட்டினேன். செக்கிங் பிரிவில் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த மேரியக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்ன சார், இப்படி உருக்குலைஞ்சு போயிட்டீய? டாக்டர்ட்ட காட்டுனீயளா?" என்று கேட்டார். அந்த அம்மாளுக்கு என்மேல் பொறாமை என்று முடிவு கட்டினேன்.

வீட்டில் என் முதல் இலக்கு அண்ணன். சாமளாபுரத்தில் தறி ஓட்டுகிறார். நூல் மூட்டைகளைத் தோளில் ஏற்றி இறக்குவார், பத்துத் தறிக்கும் நடுவே நாளெல்லாம் நடப்பார், மூன்று வேளையும் வயிறாரச் சோறு உண்பார். நல்ல தொப்பை. அவர் இரண்டாம் முறை சோறு வாங்கும்போதெல்லாம், இதயம் எப்படி நிற்கும் என்பதை அபிநயத்தோடு விளக்குவேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ரசம் ஊற்றச் சொல்வார்.

அந்தச் சமயத்தில்தான் தங்கை கவிதாவின் பையனுக்குக் காது குத்து வந்தது. இடம் சிவன்மலை. மூத்த பெண்ணுக்கு அண்ணன் மடியில் வைத்துக் காது குத்தியாகிவிட்டதால், பையனுக்குத் தாய்மாமன் மடி என்னுடையது என்று கவிதா முன்பே சொல்லியிருந்தாள். எனக்கு அதில் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமை மடியோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அடிவாரத்தில் எல்லோரும் வேனில் மலைப்பாதை வழியே மேலே போகத் தயாரானார்கள். நான் மட்டும் வேனைவிட்டு இறங்கி, மருமகனைத் தூக்கிக்கொண்டு படி ஏறியே வருவேன் என்று அறிவித்தேன். முகூர்த்தம் தவறிவிடும் என்று கவிதா கெஞ்சினாள். அவளுக்கு ஒரு கணக்கு சொன்னேன். பழைய நான் பதினாறு கிலோவைச் சுமந்துகொண்டு திரிந்தவன். பையன் பன்னிரண்டு கிலோ. அவனைத் தூக்கிய பிறகும் நான் பழைய என்னைவிட நாலு கிலோ குறைவு. வேனுக்குள் இருந்தவர்கள் விரல் விட்டுக் கணக்குப் பார்த்தார்கள்.

அண்ணன் மட்டும், "கணக்கு செரிதாண்டா. அந்தப் பதினாறுல காலுச் சதை எத்தனை கிலோ போச்சுன்னு பாத்தியா?" என்றார்.

நான் சிரித்தேன். அறியாமையைக் கண்டு அறிவாளி சிரிப்பானே, அந்தச் சிரிப்பு. அண்ணன் தேங்காய் பழப் பையை எடுத்துக்கொண்டு என் பின்னாலேயே வந்தார். நெஞ்சு வலித்தால் உட்கார்ந்து உட்கார்ந்து வரச் சொல்லி அவருக்கு அறிவுரை வேறு கூறினேன்.

முதல் இருபது படிகளைத் துள்ளி ஏறினேன். அதற்கப்புறம் தொடை இரண்டும் எனக்குச் சம்பந்தமில்லாதவைபோல நடந்துகொண்டன. மூச்சு, துருத்தி ஊதுகிற மாதிரி சத்தம் போட்டது. ஷூ லேஸ் கட்டுகிற சாக்கில் குனியலாம் என்றால் வெறுங்கால். பையனுக்குக் கீழே தெரிகிற காங்கேயம் ஊரைக் காட்டுகிறேன், குரங்கு காட்டுகிறேன் என்று பத்துப் படிக்கு ஒரு முறை நின்றேன். (குரங்கு எதுவும் இல்லை. அவன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.) பின்னால் அண்ணன் வேர்வை வழிய, ஒரே சீராக ஏறிக்கொண்டே தறி மோட்டார் எரிந்துபோன கதையை முழுதாகச் சொன்னார். நான் "ம்" கொட்டினேன். பிறகு அதற்கும் காற்று போதவில்லை.

பாதி மலையில் பையன், "பெரிய மாமாகிட்ட போறேன்" என்று கையை நீட்டினான். குழந்தைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. இன்னும் நாலு படி ஏறினேன். கண் இருட்டியது. முழங்கால் மடிவதற்குள் அண்ணன் ஒரு கையால் பையனைப் பறித்துக்கொண்டார், மறு கையால் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். பையிலிருந்து வாழைப்பழம் உரித்து நீட்டினார். அதில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது தெரியுமா என்று நான் அந்த நிலையிலும் கேட்டதாகச் சொல்கிறார்கள். எனக்கு நினைவில்லை. கேட்டிருப்பேன், அந்த ஆள் அப்படிப்பட்டவன்தான்.

எழுந்து நிற்கப் பார்த்தேன், கால் மறுத்துவிட்டது. அண்ணன் போன் போட, என் மனைவி சுமதி மேலிருந்து இறங்கி வந்து பையனையும் பையையும் வாங்கிக்கொண்டாள். நாலு மாதமாகத் தனியாக எனக்கென்று முட்டை அவித்தவள், அவளுக்கு என்னிடம் கேட்க ஒன்றும் பாக்கியில்லை. அண்ணன் குனிந்து என்னை உப்பு மூட்டையாக முதுகில் ஏற்றிக்கொண்டு படியேறினார்.

வழியில் முன்பின் தெரியாத ஒரு பெரியம்மா எங்களை நிறுத்தினார். "ஏஞ்சாமி, தம்பிக்கு ரொம்ப நாளா ஒடம்பு செரியில்லீங்களா? வேண்டுதலுங்களா?"

"ஆமாங்க" என்றார் அண்ணன்.

அந்த அம்மாள் கண் கலங்கி, முந்தானையில் முடிந்து வைத்திருந்த திருநீற்றை என் நெற்றியில் பூசிவிட்டுப் போனார். என் மீடியம் சைஸ் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே விருது அது.

மேலே போனபோது முகூர்த்தம் முடியப் பத்து நிமிடம் இருந்தது. கவிதாவின் மாமியார் முகம் இறுகியிருந்தது. அண்ணன் என்னை இறக்கி வைத்ததும் மடி என்னுடையதுதான் என்று சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். பையனை வைத்தார்கள். என் தொடைகள் தறி ஓடுவதுபோல ஆடின. பையனும் ஆடினான். காது குத்த வந்திருந்த ஆசாரி மூன்று முறை ஊசியைக் கொண்டுவந்து மூன்று முறையும் பின்வாங்கினார்.

"ஏனுங்க, மடி இப்பிடி நடுங்குனா நான் காதுல குத்தறதா, கன்னத்துல குத்தறதாங்க?"

யாரும் சிரிக்கவில்லை. கவிதா என்னைப் பார்த்த பார்வையில் எல்லாம் முடிந்தது. அவளே குனிந்து பையனை எடுத்து, என் பக்கத்தில் உட்கார்ந்த அண்ணன் மடியில் வைத்தாள். தொப்பைக்குக் கீழே அகன்று, அசையாமல் கிடந்தது அந்த மடி. அப்போது எனக்கு மறுபடி தலை சுற்றியது. பக்கவாட்டில் சாய்ந்தேன். தலை போய் விழுந்த இடம் அண்ணனின் மற்றொரு தொடை. அவர் அனிச்சையாக என் தலையையும் ஒரு கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டார்.

ஆசாரி இரண்டு தலைகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மிகுந்த மரியாதையோடு, "இதுல மொதல்ல யாருக்குங்க குத்தோணும்?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை, சிரிப்புச் சத்தம் அவ்வளவு. கவிதாவின் மாமியார்கூடச் சிரித்தாராம். பையனும் எல்லோரையும் பார்த்துச் சிரிக்க, ஆசாரி அந்த நேரம் பார்த்து இரண்டு காதையும் குத்தி முடித்துவிட்டார். அழாமல் காது குத்திக்கொண்ட குழந்தை அவன் ஒருவன்தான் என்று அவர் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இப்போது நான் சோறு சாப்பிடுகிறேன். காலையில் நடக்கிறேன், மாடிக்குப் படியில் போகிறேன், ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் தறிக்குப் போய் நூல் மூட்டை தூக்கிக் கொடுக்கிறேன். போன பதினாறில் ஒன்பது திரும்பி வந்துவிட்டது. போன வருடம் சிவன்மலையை எங்கும் நிற்காமல் ஏறினேன். அதைப் பற்றி வீட்டில் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கவிதா வீட்டு ஹாலில் மாட்டியிருப்பது அண்ணன் மடியில் நாங்கள் இரண்டு பேரும் இருக்கிற போட்டோதான்.

போன மாதம் வெள்ளகோவிலில் சுமதியின் தம்பி மகளுக்குக் காது குத்து. கூட்டத்தில் பின்வரிசையில், தூணை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். வந்தது அதே ஆசாரி. பெட்டியைத் திறந்து காதுக் கம்பிகளை எடுத்து வைத்தவர், கண்ணால் தேடி என்னைக் கண்டுபிடித்துவிட்டார்.

"உங்குளுக்கும் ஒரு ஜோடி கொண்டாந்திருக்கறனுங்க" என்றார். "அண்ணன் வந்திருக்காருங்களா?"