பன்னிரண்டரைக்குப் படுத்துவிடும் வைஃபை

மாதா துணை

மரக்காணம்,
வியாழக்கிழமை

அன்பு மகள் ஜான்சிக்கு அப்பா சிலுவைமுத்து ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நானும் உன் அம்மாவும் மாதா புண்ணியத்தில் சுகம். சுகமில்லாமல் கிடப்பது நீ விட்டுப்போன லேப்டாப் ஒன்றுதான். பெங்களூரில் உன் சுகத்துக்குப் பதில் எழுதவும். ஃபோன் செய்தால் "மீட்டிங்ல இருக்கேம்ப்பா" என்கிறாய். வாய்ஸ் மெசேஜை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறாய். அந்த வேகத்தில் என் கோபம் கோபம் மாதிரியே இருக்காது. அதனால் பேப்பரில் எழுதி ஃபோட்டோ எடுத்து அனுப்புகிறேன். நிதானமாகப் படி.

ஆபீஸ் வேலை போதாதென்று, கம்ப்யூட்டருக்கு அடியில் இருக்கும் கெர்னல் என்கிற சமாச்சாரத்தில், வைஃபையை இயக்கும் டிரைவர் ஒன்றைச் சம்பளமில்லாமல் பராமரிக்கிறாய். நல்ல காரியம். அது தினமும் பகல் பன்னிரண்டரைக்கு நம் வீட்டில் மட்டும் படுத்துவிடுகிறது, ஐந்து மணிக்குத் தானே எழுந்துகொள்கிறது என்று நான் சொன்னதுதான் தப்பு. "அப்ப நீங்கதாம்ப்பா டெஸ்ட் பண்ணணும்"னு என் தலையில கட்டிட்ட. முப்பத்தோரு வருஷம் உப்பளத்தில் பாத்தி பாத்தியாகத் தண்ணீரின் உப்பு டிகிரி பார்த்து நோட்டில் எழுதினவன் நான், ஒருநாள் தப்பாக எழுதினதில்லை. இதையும் அப்படியே எழுதினேன். நீ திருத்தி அனுப்பின முதல் கெர்னலில் வைஃபை பன்னிரண்டரை வரைக்கும் இருந்தது, சத்தம் போச்சு. உன் அம்மா யூடியூப் பூசையை ஊமைப்படமாகப் பார்த்தாள். ரெண்டாவதுல திரையே வரல. மூணாவதுல கறுப்புத் திரையில எழுத்தும் நம்பருமா கொட்டி, கடைசியில 'பேனிக்'னு நின்னுச்சு. அதுவே பயந்துட்டா நான் இன்னா பண்றது? உங்கம்மா இன்னாசிமேரி மெழுகுவத்தி ஏத்திட்டா. நான் ஒரு எழுத்து விடாம நாலு பக்கம் காப்பி பண்ணி முடிச்சா, நீ சாவகாசமா கேக்குற: "ஏம்ப்பா, ஒரு ஃபோட்டோ எடுத்திருக்கலாம்ல?" அதை முதல்லயே சொல்லித் தொலைச்சா இன்னா?

பன்னிரண்டரைக்குத்தான் இங்கே கடல்காற்று திரும்புகிறது என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன். நீ அதை ஊருலகத்துக்கே எழுதிவிட்டாய். உன் வேலையைச் சரிபார்க்கிற செக் நாட்டுக்காரர், காற்றில் ஈரம் எவ்வளவு, சூடு எவ்வளவு என்று கேட்டாராம். உச்சி வெயில்ல மொட்டை மாடியில தெர்மாமீட்டரோட நான் நிக்கிறேன், பக்கத்து வீட்டுத் தனக்கோடி, "இன்னாண்ணா, வானத்துக்குக் காய்ச்சலா?"ன்றான். செக் நாட்டுக்காரருக்காக மரக்காணத்துக் காத்தை அளக்குறேன்னு அவங்கிட்ட சொல்ல முடியுமா? உப்புக்காத்தைப் பத்தி எனக்கா சொல்லித்தரணும்? நம்ம வீட்டுல ரிமோட்லேர்ந்து காலிங்பெல் வரைக்கும் கவர் போடாத பொருள் ஒண்ணு இருக்குதா? காத்து திரும்பினா முதல் வேலையா எல்லாத்தையும் மூடுறவன் நாந்தானே?

இப்போது அவர் கெடு வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக்குள் காரணம் தெரியாவிட்டால் அந்தப் பழைய டிரைவரையே கெர்னலிலிருந்து தூக்கிவிடுவாராம். மூன்று வருஷமாய் நீ கட்டிக் காத்தது போகும். நம் கோயில் டியூஷன் சென்டரில் இருக்கிற பன்னிரண்டு லேப்டாப்பிலும் நம் வைஃபை குச்சியில் இருக்கிற அதே சிப்தான், அவற்றுக்கும் வைஃபை போகும். நேத்து நீ ஃபோன்ல அழுதது எனக்கு வயித்தெரிச்சலா இருக்குது. அந்த டிரைவர்ல என்னமோ பெரிய கோளாறு இருக்கு கண்ணு, என்னால முடியல. 'சோதித்தவர்: சிலுவைமுத்து'ன்னு உலகமே பாக்குற எடத்துல போடுவேன்னியே, போடாத. உருப்படாத வேலையில என் பேரு வேணாம். இனிமே கெர்னல் அனுப்பினா நான் தொடமாட்டேன். சொல்லிட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு. மாதா உன்னையும், போனால் போகிறது, அந்தச் செக் நாட்டுக்காரரையும் காப்பாற்றட்டும். அம்மா முத்தம் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
கோபம் தீராத உன் அப்பா,
சிலுவைமுத்து

பி.கு.: இதை ஃபோட்டோ எடுக்கப் போகும்போது உன் அம்மா மேஜை துடைக்க வந்தாள். மணி இரண்டு. லேப்டாப்பில் செருகியிருக்கும் வைஃபை குச்சியைப் பார்த்துவிட்டு, "இன்னாங்க இது, பிரியாணி கட்டுற அலுமினியத் தாளு?" என்றாள். "பிளாஸ்டிக் கவர் போட்டா சூடாவுது. அதான் காத்து திரும்பினதும் இதைச் சுத்துவேன், அஞ்சு மணிக்குக் கழட்டிருவேன்" என்றேன். துடைப்பதற்காக அவள் அதைக் கழற்றினாள். வைஃபை எழுந்துகொண்டது. மறுபடி சுற்றினேன், படுத்தது. ஆறு தடவை செய்து பார்த்து நோட்டில் எழுதிவிட்டேன். இத்தனை நாளும் மணி, சூடு, ஈரம் எல்லாம் எழுதினேன், மூடினதை மட்டும் எழுதவில்லை. அது வீட்டு வேலைதானே, அதை யாரு நோட்டுல எழுதுவா?

உன் டிரைவரில் ஒரு குற்றமும் இல்லை கண்ணு. செக் நாட்டுக்காரருக்கு இன்றைக்கே எழுது. மேலே வேண்டாம் என்றேனே, என் பேரைப் போடு. சோதித்தவர் என்று இல்லை, கோளாறு என்று போடுகிற இடத்தில். சிலுவைமுத்து, மரக்காணம் என்று முழுசாகவே போடு.